கூந்தலில் அலை நின்ற கதை

1870-களில் பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் மார்செல் கிராதோ என்ற இளைஞர் பெண்களுக்குக் கூந்தல் அலங்காரம் செய்துவந்தார். அந்தத் தொழிலில் எல்லோரிடமும் இருந்த அதே இரும்பு இடுக்கிதான் அவரிடமும் இருந்தது. நெருப்பில் காய்ச்சி, காகிதத் துண்டு ஒன்றைக் கவ்விப் பார்க்க வேண்டும். காகிதம் பழுப்பேறினால் சூடு அதிகம், ஆறவிட வேண்டும். மற்றவர்கள் அதில் முடியைச் சுற்றிச் சுருள் சுருளாக எடுத்துக்கொண்டிருந்தபோது, மார்செல் இடுக்கியின் வாயைத் திருப்பித் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். வளையம் வளையமாகச் சுருளாமல், ஆற்று மணலில் நீர் வரைந்துவிட்டுப் போகும் வரிகளைப் போல ஒரே சீரான அலை கூந்தலில் விழுந்தது. பிறவியிலேயே அப்படி அமைந்த முடியோ என்று பார்த்தவர்கள் மயங்கினார்கள். ‘மார்செல் அலை’ ஐரோப்பா முழுவதும் பரவியது. மார்செல் பெரும் பணக்காரரானார். ஆனால் அந்த அலைக்கு ஒரு பகைவன் இருந்தான். ஒரு சிறு தூறல் போதும், அத்தனை உழைப்பும் காணாமல் போய்விடும்.

பாரிஸில் மார்செல் தொழில் செய்துகொண்டிருந்த அதே காலத்தில், 1872-ல், ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் டோட்னாவ் என்ற மலை ஊரில் ஒரு செருப்புத் தைப்பவர் வீட்டில் கார்ல் நெஸ்லர் பிறந்தார். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மலைச்சரிவில் மேயும் ஆடுகள் மழையில் நனைந்தபோதும் அவற்றின் ரோமம் சுருண்டபடியே இருந்ததாம். நனைந்ததும் தொங்கிப்போகும் மனிதத் தலைமுடிக்கு மட்டும் ஏன் அந்தக் குணம் இல்லை என்று சிறுவன் யோசித்தானாம். கதை உண்மையோ, பின்னால் சேர்க்கப்பட்டதோ, நெஸ்லர் வாழ்நாள் முழுவதும் துரத்தியது அந்த ஒரு கேள்வியைத்தான். தகப்பனின் தொழில் பிடிக்காமல் முடிதிருத்தும் வேலை கற்றுக்கொண்டு, மலையிறங்கி எல்லை தாண்டிப் போனார்.

சுவிட்சர்லாந்து, பாரிஸ், கடைசியில் லண்டன் என்று ஊர் ஊராக வேலை பார்த்தார். கூந்தல் தொழிலில் அன்றைக்குப் பிரெஞ்சுக்காரர்களுக்கே மதிப்பு. அதனால் பெயரையும் சார்லஸ் நெஸ்லே என்று மாற்றிக்கொண்டார். பாரிஸில் மார்செலின் கைவேலையைக் கற்றுத் தேர்ந்தார். லண்டனில் 1902-ல் செயற்கை இமை முடி செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று கல்யாணப் பெண்ணின் கண்ணில் ஒட்டும் இமைகளின் வம்சாவளியில் அவர் பெயரும் இருக்கிறது. வேறொருவராக இருந்தால் அந்த வருமானத்தில் நிம்மதியாக இருந்திருப்பார். நெஸ்லர் அந்தப் பணத்தையும் நேரத்தையும் கொண்டுபோய் 1896 முதல் மனதில் அரித்துக்கொண்டிருந்த சோதனையில் போட்டார். சோதனைக்குக் கம்பி இருந்தது, காரக் கரைசல் இருந்தது, சூடேற்றும் கருவி இருந்தது. குறைந்தது ஒன்றுதான். உயிருள்ள ஒரு தலை வேண்டும்.

அந்தத் தலையைக் கொடுத்தவர் காதரினா லைப்ல். நெஸ்லரின் மனைவி. இடுப்பளவு கூந்தலே பெண்ணின் அழகு என்று கருதப்பட்ட காலம் அது. அந்தக் கூந்தலைக் கற்றை கற்றையாகப் பிரித்து, கம்பிகளில் சுற்றி, காரத்தில் நனைத்து, கொதிநீரின் வெப்பத்துக்கும் மேலே சூடாக்கினார் நெஸ்லர். முதல் முயற்சியில் முடி கருகி உதிர்ந்தது. தலைத்தோலில் தீக்காயம். புண் ஆறி, முடி மறுபடி வளர்ந்த பிறகு இரண்டாவது முயற்சி. அதிலும் முடி எரிந்தது, அதிலும் காயம். இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அப்படித் தாண்ட மனம் வரவில்லை. காப்புரிமைப் பத்திரத்தில் காதரினாவின் பெயர் இல்லை. வலியைத் தாங்கிக்கொண்டு மூன்றாவது முறையும் அதே நாற்காலியில் அவர் உட்காராமல் போயிருந்தால், பத்திரமே இருந்திருக்காது. அவர் உட்கார்ந்தார். இம்முறை முடி உதிரவில்லை. சுருண்டது. தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்த்தபோதும் சுருள் அப்படியே இருந்தது.

1900-களின் நடுவில் ஓர் அக்டோபர் மாதம், லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில், தொழில்காரர்கள் முன்னிலையில் செய்முறை விளக்கம் ஏற்பாடானது. அவர்கள் பார்த்தது அலங்காரக் கருவி போலவே இல்லை. ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள பித்தளை உருளைகள், ஒரு டஜன். அத்தனையும் கூந்தலில் மாட்டப்பட்டிருந்தன. அந்தப் பாரம் கழுத்தை ஒடித்துவிடாமலும் சூடான பித்தளை தலைத்தோலைத் தொட்டுவிடாமலும் இருக்க, மேலே சரவிளக்கு மாதிரி ஒரு சட்டம் தொங்கியது. அதிலிருந்து எதிர் எடைகள் இழுத்துப் பிடித்தன. நடுவில் அசையாமல் ஒரு பெண். ஒரு தலைக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம். வந்தவர்கள் மெச்சவில்லை. அவர்களுடைய பிழைப்பே மார்செல் இடுக்கியை நம்பி இருந்தது. அலை கலைய வேண்டும், வாடிக்கைக்காரப் பெண் திரும்பி வர வேண்டும். கலையாத அலை யாருக்கு லாபம்?

1909-ல் நெஸ்லர் மின்சாரத்தில் இயங்கும் கருவியைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். துணிச்சலும் வசதியும் உள்ள சில பெண்கள் வந்தார்கள். ஒருமுறை செய்துகொண்டால் அந்த முடி வளர்ந்து வெட்டப்படும்வரை சுருள் போகாது என்பதால், அதற்கு ‘நிரந்தர அலை’ என்ற பெயர் நிலைத்தது. கடை மெல்ல எழுந்து நின்ற நேரத்தில், 1914-ல் உலகப் போர் வெடித்தது. பெயரில் பிரெஞ்சு வாசனை இருந்தாலும் பிறப்பில் அவர் ஜெர்மானியர். லண்டனில் ஒரே நாளில் எதிரி நாட்டவர் ஆனார். உடைமைகள் பறிபோயின. 1915-ல் நியூயார்க் போய்ச் சேர்ந்தவருக்கு அங்கே ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. எந்தக் கருவியை அறிமுகப்படுத்த அவர் கடல் கடந்து வந்தாரோ, அது அவருக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்தது.

நூற்றுக்கணக்கான போலிகள். அவருடைய கருவியைப் பார்த்து யார் யாரோ செய்து விற்றவை. அவற்றில் பெரும்பாலானவை சரியாக வேலை செய்யவில்லை. நம்பி உட்கார முடியாத அந்தக் கருவிகளின் கெட்ட பேரே நெஸ்லருக்கு விளம்பரமாக மாறியது. அசலானவரின் கடை எது என்று தேடிக்கொண்டு பெண்கள் கிழக்கு 49-வது தெருவுக்கு வந்தார்கள். சிகாகோ, டெட்ராய்ட், ஃபிலடெல்ஃபியா, பாம் பீச் என்று கிளைகள் விரிந்தன. வீட்டிலேயே செய்துகொள்ள 15 டாலரில் ஒரு கருவியும் விற்றார். லண்டனில் யூஜின் சுட்டர் என்பவரும் இசிடோரோ கால்வெத்தே என்ற ஸ்பானியப் பொறியாளரும் சேர்ந்து இன்னும் கையடக்கமான சூடேற்றிகளைச் செய்து போட்டிக்கு வந்தார்கள். தொழில் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் பெண்கள் யாரும் எதிர்பாராத ஒரு காரியம் செய்தார்கள். கூந்தலை வெட்டிக்கொண்டார்கள்.

போர்க்காலத்தில் ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் வேலை பார்த்த தலைமுறை அது. அமெரிக்காவில் நடனக் கலைஞர் ஐரீன் காசில் கூந்தலைக் காதோரம் வெட்டிக்கொண்டபோது ஆயிரக்கணக்கானவர்கள் பின்தொடர்ந்தார்கள். 1920-ல் எழுத்தாளர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் இந்த ‘பாப்’ வெட்டையே மையமாக வைத்துச் சிறுகதை எழுதினார். ஆண்கள் முடி வெட்டும் கடைகளில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். நெஸ்லரின் முறையோ நீண்ட கூந்தலுக்கென்றே பிறந்தது. வேரில் தொடங்கி நுனிவரை கம்பியில் சுழற்றிச் சுழற்றி ஏற்ற வேண்டும். நான்கு விரல் நீள முடியை எங்கே ஏற்றுவது? நிரந்தர அலைக்கு அதோடு முடிவு வந்துவிட்டது என்று நினைக்க எல்லாக் காரணமும் இருந்தது.

கார்ல்ஸ்பாட் ஊரைச் சேர்ந்த ஜோசப் மேயர் என்ற செக் கைவினைஞர் கம்பியைத் திருப்பிப் போட்டார். வேரிலிருந்து சுற்றாமல் நுனியிலிருந்து உள்நோக்கிச் சுருட்டினார். ‘குரோக்கினோல்’ என்று பேர்பெற்ற இந்த முறை 1924 வாக்கில் பரவியதும் குட்டை முடியிலும் அலை விழுந்தது. அதோடு கணக்கே மாறியது. குட்டை முடிக்கு நேரம் குறைவு, செலவும் குறைவு. அடிக்கடி வெட்டுவதால் சுருளும் வெட்டுப்பட்டுப் போகும், வாடிக்கைக்காரப் பெண் சில மாதங்களில் மறுபடி வருவாள். இந்தத் தொழிலைக் கொல்ல வந்ததாகத் தோன்றிய கத்தரிக்கோல்தான் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. ஆனாலும் அமெரிக்காவில் ஒரு பகுதிப் பெண்களுக்கு அந்தக் கடைகளின் கதவு திறக்கவில்லை.

சிகாகோவில் மார்ஜரி ஜாய்னர் என்ற கறுப்பினப் பெண் இருந்தார். 1896-ல் வர்ஜீனியாவின் மலைப்பகுதியில் பிறந்தவர். 1916-ல் சிகாகோவின் ஏ.பி. மோலர் அழகுக்கலைப் பள்ளியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண். பெருமையோடு கடை திறந்தார். மாமியார் வந்து தலையைக் கொடுத்தார். விளைவு சகிக்கவில்லை. அந்தப் பள்ளி கற்றுக்கொடுத்தது வெள்ளையரின் கூந்தலை மட்டும்தான். மாமியார் கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். அவர் செய்தது வேறு. கறுப்பினப் பெண்களுக்கான அழகுப்பொருள் தொழிலில் கொடிகட்டிப் பறந்த மேடம் சி.ஜே. வாக்கரிடம் படிக்கச் சொல்லி மருமகளுக்குப் பணம் கொடுத்து அனுப்பினார். அந்த மாமியாரின் பெருந்தன்மை மார்ஜரியின் வாழ்க்கைப் பாதையையே திருப்பியது. பின்னாளில் அவர் வாக்கர் நிறுவனத்தின் 200-க்கும் மேற்பட்ட பள்ளிகளை மேற்பார்வை செய்யும் இடத்துக்கு வந்தார்.

ஒரு கற்றை, அடுப்பில் ஓர் இரும்பு, மறுபடி ஒரு கற்றை. இப்படி மணிக்கணக்கில் நின்று வேலை செய்யும் பெண்களின் கையும், உட்கார்ந்திருக்கும் பெண்களின் கழுத்தும் படும் பாட்டை மார்ஜரி தினமும் பார்த்தார். பாடுபட்டு நேராக்கிய முடி, தலை குளித்ததும் பழையபடி ஆகிவிடும். ஒருநாள் சமையலறையில் பெரிய இறைச்சித் துண்டு ஒன்று பானையில் வெந்துகொண்டிருந்தது. உட்பக்கமும் சேர்ந்து வேக வேண்டும் என்பதற்காக அதில் நீண்ட மெல்லிய கம்பிகளைக் குத்தி வைத்திருந்தார். கம்பி வழியே சூடு ஒரே நேரத்தில் உள்ளே எல்லாப் பக்கமும் போகிறது. அவர் பார்வை அந்தக் கம்பிகளில் நின்றுவிட்டது.

அதே மாதிரி 16 கம்பிகளை எடுத்து, ஒரு பழைய முடி உலர்த்தியின் தொப்பியோடு மின்கம்பிகளால் இணைத்தார். தலை முழுவதையும் ஒரே மூச்சில் சூடாக்கும் கருவி பிறந்தது. நேராக்கவும் அதுவே, சுருட்டவும் அதுவே. சில நாள்வரை அலங்காரம் கலையாமல் நின்றது. 1928 நவம்பர் 27 அன்று காப்புரிமை கிடைத்தது. கறுப்பினப் பெண்களுக்காகச் செய்த கருவியை வெள்ளையர் கடைகளும் வாங்கின. சூட்டிலிருந்து தலைத்தோலைக் காக்கும் உறைக்கு இன்னொரு காப்புரிமையும் அவர் பெற்றார். காதரினாவுக்குக் கிடைக்காத பாதுகாப்பு அது. ஆனால் உரிமை வாக்கர் நிறுவனத்துக்குப் போயிற்று. கண்டுபிடித்தவர் கைக்குப் பணமாக ஏதும் வந்ததாகச் சொல்ல முடியாது.

அதே 1928-ல் நெஸ்லர் முடியின் வரலாற்றைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி வெளியிட்டார். அடுத்த ஆண்டு அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. தலைத்தோலிலிருந்து பித்தளையை அரும்பாடுபட்டு விலக்கி வைத்தவரால் செல்வத்தைச் சரிவிலிருந்து விலக்கி வைக்க முடியவில்லை. அவருடைய கருவிக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. முடி ஏன் சுருள்கிறது என்ற சிறுவயதுக் கேள்விக்கு விடை அப்போதும் யாருக்கும் தெரியாது. விடை கிடைத்த இடம் ஆட்டு ரோமம்.

இங்கிலாந்தின் லீட்ஸ் கம்பளி நெசவுக்குப் பேர்போன நகரம். அங்கே பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்ட்பரி 1928 முதல் கம்பளி இழையை எக்ஸ்ரே கொண்டு ஆராய்ந்தார். ஆட்டு ரோமமும் மனித முடியும் கெரட்டின் என்ற ஒரே புரதத்தால் ஆனவை. அந்தப் புரதச் சங்கிலிகளை ஏணிப்படி மாதிரி குறுக்கே பிணைத்து நிற்பவை கந்தகப் பிணைப்புகள் என்பது அந்த ஆண்டுகளின் ஆராய்ச்சிகளில் தெளிவானது. தண்ணீர் அந்தப் பிணைப்பை ஒன்றும் செய்யாது. மார்செலின் இடுக்கி மாற்றியது ஈரத்துக்கு இளகும் மெல்லிய பிணைப்புகளை மட்டுமே, ஆகவே தூறலில் அலை போயிற்று. நெஸ்லரின் காரமும் வெப்பமும் கந்தகப் பிணைப்புவரை போய் முறுக்கின, ஆகவே அலை நின்றது. 1934-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டேவிட் காடர்டும் லியோனர் மிகேலிஸும் கெரட்டினைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அழகு நிலையம் அவர்கள் நினைப்பிலேயே இல்லை. தயோகிளைகாலிக் அமிலத்தின் உப்புகள், சூடு இல்லாமலே, அந்தக் கந்தகப் பிணைப்புகளை அறுத்துவிடும் என்று அவர்கள் கண்டிருந்தார்கள்.

1938-ல் ஆர்னால்டு வில்லட் குளிர் அலையைக் கொண்டுவந்தார். சரவிளக்கு இல்லை, மின்கம்பி இல்லை, பித்தளை இல்லை. முடியைச் சிறு உருளைகளில் சுற்றி ஒரு திரவம். பிணைப்புகள் அறுந்து, முடி உருளையின் வளைவுக்கு இணங்கும். பிறகு இன்னொரு திரவம். அறுந்த பிணைப்புகள் புதிய இடத்தில் மறுபடி சேரும். தொடக்கத்தில் ஆறேழு மணி நேரம் ஆயிற்று என்றாலும் தீக்காயம் என்ற பயம் ஒழிந்தது. அடுத்த போர் முடிவதற்குள் அந்தத் திரவம் வீட்டுக் குளியலறைக்குள் நுழையப் பார்த்தது. நுழைவாயிலில் ஒரு தோல்வி காத்திருந்தது.

மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் நீசன் ஹாரிஸ் என்பவர் வீட்டிலேயே சுருட்டிக்கொள்ளும் மலிவுப் பெட்டி ஒன்றை 25 சென்ட்டுக்கு விற்றார். விலையைப் பார்த்தே பெண்கள் நம்ப மறுத்தார்கள். தலைக்குப் போடும் பொருள் இவ்வளவு மலிவாக இருந்தால் சந்தேகம் வராதா? அவர் தளரவில்லை. குளிர் அலைத் திரவத்தை வைத்து, விலையைக் கூட்டி, ‘டோனி’ என்று கண்ணியமான பெயரில் 1944-ல் மறுபடி வந்தார். ஒரே அச்சில் வார்த்த இரட்டைச் சகோதரிகள் இருவரை நிறுத்தி, ஒருத்திக்குக் கடையில் போட்ட சுருள், இன்னொருத்திக்கு டோனி, யார் எவர் என்று கேட்டது விளம்பரம். யாராலும் சொல்ல முடியாது என்பதே அதன் வாதம். 1948-ல் ஜில்லெட் நிறுவனம் டோனியை 2 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு வந்த டோனி பொம்மைக்குச் சர்க்கரைத் தண்ணீர் தடவிச் சிறுமிகள் சுருட்டி விளையாடினார்கள். அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவே, 1951 ஜனவரியில், நியூஜெர்சியின் ஹாரிங்டன் பார்க்கில் கார்ல் நெஸ்லர் காலமானார். மார்ஜரி ஜாய்னர் நெடுநாள் வாழ்ந்தார். 77-வது வயதில், 1973-ல், கல்லூரிப் பட்டம் வாங்கினார். 98 வயது நிறைவாழ்வு அவருக்கு வாய்த்தது.

இந்தக் கதையின் தடயத்தை இன்றும் ஒரு கூட்டம் தலையில் தேடிக்கொண்டிருக்கிறது. 1940-களின் பாணியில் முன்நெற்றி முடியை உருட்டி, பூப்போட்ட கவுன் அணிந்து, அப்படியே அலுவலகத்துக்கும் கடைவீதிக்கும் போகும் பெண்கள் லண்டனிலும் நியூயார்க்கிலும் உண்டு. அந்த ரசனையில் எனக்குப் பெரிய மரியாதை. அவர்களில் பலரைக் குழப்பும் புதிர் ஒன்று இருக்கிறது. இரவு முழுவதும் ரோலர் சுற்றி வைத்த அலை நடுப்பகலுக்குள் தொங்கிவிடுகிறது. பழைய புகைப்படங்களில் மட்டும் எப்படி நின்றது? அன்றைய பெண்களில் பலருக்கு, ரோலருக்கும் கொண்டை ஊசிக்கும் அடியில், நிரந்தர அலை, அதாவது பெர்ம், அஸ்திவாரமாக இருந்தது. மேலே தெரிந்த வடிவம் அந்த வாரத்தின் வேலை. அதைத் தாங்கியது சில மாதம் முன்பு போட்ட பெர்ம்.

1980-களில் பெரிய சுருள் மறுபடி ஓர் அலையாக வந்து போயிற்று. அதற்குப் பின் உலகத்தின் ஆசை எதிர்த்திசையில் திரும்பியது. 1990-களில் ஜப்பானில் பரவிய ஒரு சிகிச்சை, கோணலில்லாமல், கண்ணாடி போலப் பளபளத்து விழும் கூந்தலைத் தந்தது. ஒரு சுருளும் மிச்சமில்லை. தி.நகரிலும் மதுரையிலும் பார்லர் வாசல் பலகைகளில் அது எழுதியிருக்கிறது. கல்லூரி முடித்த கையோடு, கல்யாணத்துக்கு நாள் குறித்த கையோடு, பெண்கள் அதற்காக அரை நாள் உட்காருகிறார்கள். அதன் பெயர் ரீபாண்டிங்.

ரீபாண்டிங்கின் மூக்கைத் துளைக்கும் முதல் திரவத்தில் பெரும்பாலும் இருப்பது அமோனியம் தயோகிளைகோலேட். குளிர் அலையின் அதே சரக்கு. அதே கந்தகப் பிணைப்பை அறுக்கிறது. இரண்டாவது திரவம் அன்று போலவே அறுந்ததைச் சேர்க்கிறது. இடையில் பார்லர் பெண் கையில் எடுப்பது காய்ச்சிய இடுக்கி, மார்செலின் இடுக்கிக்குப் பேத்தி. உருளையில் சுற்றினால் பெர்ம். தட்டையாக அழுத்தி இழுத்தால் ரீபாண்டிங்.